1961 ஷாஸ்டாவுக்குப் புது சமையல் மேடை

காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் பழைய வீட்டு டிரெய்லரில் சமையல் மேடையை மாற்றுவது என்றால் மேல்பலகையைக் கழற்றிவிட்டுப் புதியதை வைப்பதுதானே என்று கேட்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பலகை லேசில் கழன்று வராது. எங்களுடையது 1961 ஷாஸ்டா ஏர்ஃப்ளைட், 16 அடி, பின்பக்கம் இரண்டு புறமும் தகர இறக்கை வைத்த ரகம். அந்தக் காலத்து வண்டிகளை உள்ளிருந்து வெளியே கட்டினார்கள். தரையைப் போட்டு, மெல்லிய பிர்ச் பிளைவுட் சுவரை ரீப்பர் சட்டத்தோடு நிறுத்தி, அலமாரியையும் மேடையையும் உரிய இடத்தில் வைத்து, சுவருக்கு வெளிப்பக்கமிருந்து ஸ்க்ரூவும் ஆணியும் அடித்துப் பிடித்துவிட்டு, கடைசியில்தான் அலுமினியத் தகட்டைப் போர்த்தினார்கள். ஆகவே மேடையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் தலை தகட்டுக்கு அடியில் இருக்கிறது. உள்ளே நின்றுகொண்டு எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

வழி இரண்டுதான். வெளித்தகட்டை உரிப்பது, இல்லையென்றால் சுவருக்கும் மேடைக்கும் நடுவிலிருக்கும் மயிரிழை இடுக்கில் மெல்லிய பிளேடை விட்டு ஸ்க்ரூவையே அறுப்பது. தகட்டை உரித்தால் ஓரப்பட்டி, ஜன்னல் எல்லாம் கூடவே கழற்றவேண்டி வரும் என்பதால் நான் இரண்டாவதைப் பிடித்தேன். அதிர்ந்து அறுக்கும் கை மெஷின் இருந்தால் போதும், இரும்பு அறுக்கும் பிளேடு போட்டு, சுவர்ப்பக்கம் ஒரு பழைய தகரத் துண்டைக் காவலுக்கு வைத்துக்கொண்டு, மெதுவாக. அவசரப்பட்டால் பிர்ச் சுவரில் கீறல் விழும். அந்தச் சுவரின் தேன் நிறம் பெயிண்ட் கிடையாது, ஷெல்லாக், அதாவது நம் நாட்டிலிருந்தும் காலங்காலமாகக் கப்பலேறும் அரக்கு. கீறிய இடத்தில் மறுபடி பூசலாம், ஆனால் அறுபது வருஷம் வெயில் பட்டு ஏறிய நிறம் டப்பாவில் வராது.

அதற்கு முன்னால் அடுப்பு. சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருந்த கேஸை எரித்துத் தீர்த்து, இரண்டு ஸ்பேனர் பிடித்து செம்புக் குழாயின் நட்டைக் கழற்றினேன். ஒன்றை மட்டும் போட்டுத் திருகினால் குழாய் முறுக்கிக்கொள்ளும். சிங்க்கைச் சுற்றி எவர்சில்வர் வளையம் ஒன்று இருந்தது, அடியில் கிளிப் போட்டு சிங்க்கையும் பலகையையும் சேர்த்துக் கவ்விப் பிடிக்கும் வளையம். இங்கே அமெரிக்காவில் ஹூடி ரிங் என்பார்கள். இன்றைக்கும் புதிதாகக் கிடைக்கிறது என்றாலும் பழசு நன்றாக இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், அது கச்சிதமாக உட்காருகிற மாதிரிப் புதுசு உட்காருவதில்லை.

பலகை வெளியே வந்ததும் தெரிந்தது ஏன் அது நடுவில் தொய்ந்தது என்று. ஜன்னல் பக்கத்து ஓரம் முழுக்கக் கறுத்துக் கிடந்தது, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் டீயில் ஊறின பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. மேடைக்கு மேலே இருப்பது கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடிப் பட்டைகள் திறக்கிற ஜாலவுசி ஜன்னல். அதன் சட்டத்துக்கு அடியில் போட்ட பட்டி காய்ந்து வெடித்து, மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கி, நேரே மேடையின் முதுகில் வந்து உட்கார்ந்திருக்கிறது. டிரெய்லரில் மேடை கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் மேடையில் இருக்காது, அதற்கு மேலே ஏதாவது ஒரு ஜன்னலிலோ கூரைத் துளையிலோ இருக்கும். அதைப் பார்க்காமல் புது மேடை போடுவது காசுக்குப் பிடித்த கேடு. ஜன்னலை முழுதாகக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் மாதிரியான பியூட்டைல் டேப் ஒட்டி மறுபடி பொருத்தினேன். அலுமினியத் தகட்டின் வெளிப்பக்கம் சிலிக்கான் மட்டும் தடவாதீர்கள். ஒருமுறை தடவிய இடத்தில் பின்னால் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

சரி, எதைப் போடுவது? இங்கேதான் வீட்டில் பேச்சு வந்தது. "ஏம்மா, வீட்டு மேடை மாதிரி கிரானைட்டே போட்டுடலாமே, ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் கிடக்கும்" என்றார் வீட்டுக்காரர். "கல்லு கிடக்குங்க, வண்டி கிடக்காது" என்றேன். கணக்கைப் பாருங்கள். 2 சென்டிமீட்டர் கிரானைட் சதுர அடிக்கு 5 கிலோவுக்குக் குறையாது. முக்கால் அங்குல பிளைவுட்டும் மேலே ஒட்டும் லேமினேட்டும் சேர்ந்தே ஒன்றேகால் கிலோதான். எங்கள் மேடை சுமார் 8 சதுர அடி. 10 கிலோவில் முடிகிற காரியத்துக்கு 40 கிலோ, அதுவும் வண்டியின் ஒரே பக்கத்தில். மொத்தமே ஒரு டன்னை ஒட்டி இருக்கிற, ஒற்றை அச்சு வண்டி இது. இழுக்கிற காரின் கொக்கியில் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் உட்கார வேண்டும் என்பது பொது விதி, கண்டபடி எடையைக் கூட்டினால் அந்தச் சமநிலை கெட்டு நெடுஞ்சாலையில் வண்டி வாலாட்டும். அதுபோக ஓடும்போது வண்டிச் சட்டம் முறுக்கிக் கொடுக்கும், கல் கொடுக்காது. சிங்க் துளைக்கு முன்னால் இருக்கும் குறுகலான துண்டில்தான் முதல் விரிசல் விழும்.

கடையில் வளைத்து ஒட்டித் தயாராக விற்கும் மேடைகளும் வேண்டாம். பெரும்பாலும் உள்ளே மரத்தூள் பலகை, எடையும் அதிகம், தண்ணீர் பட்டால் ஊதும். கெட்டி மரப்பலகை படத்தில் அழகாக இருக்கிறது, ஆனால் மிச்சிகன் குளிர்காலத்தில் சூடில்லாத வண்டிக்குள் கிடந்து, கோடையில் ஈரத்தைக் குடித்து, அது வளைந்தே தீரும். இங்கே மில்ஃபர்ட் பக்கம் கேம்ப் டியர்பார்னில் டின் கேன் டூரிஸ்ட்ஸ் கூடுவார்கள், வண்டியில் ஊர் சுற்றுகிறவர்களுக்காக 1919இல் ஃப்ளோரிடாவின் டாம்பாவில் ஆரம்பித்த சங்கம், இடையில் ஓய்ந்து 1998இல் மறுபடி உயிர் பெற்றது. அந்தக் கூட்டத்தில் கதவைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் வண்டியைக் காட்டுவார்கள். நான் போனது மேடைகளைப் பார்க்கத்தான். மரப்பலகை போட்டவர்கள் எல்லோரும் அதற்கு எண்ணெய் தேய்ப்பதைப் பற்றியே பேசினார்கள்.

ஆக, லேமினேட். ஊரில் சன்மைக்கா என்று சொல்வோமே அதேதான், அமெரிக்காவில் ஃபார்மைக்கா. 1913 வாக்கில் ஒஹாயோவின் சின்சினாட்டியில் ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓ'கானர் என்ற இருவர் மின்சாதனங்களில் மைக்காவுக்குப் பதிலாகப் போடத் தொடங்கிய சரக்கு, பின்னால் சமையலறைக்கு வந்தது. பழைய டிரெய்லர் என்றதும் எல்லோரும் பூமராங் டிசைன் தேடுகிறார்கள். ஸ்கைலார்க் என்ற பெயரில் 1950இல் ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைத்தது அது, நல்ல டிசைன்தான். எங்கள் வண்டியில் வந்தது பொடிப்புள்ளி வைத்த வெளிர் மஞ்சள், நானும் மஞ்சளே வாங்கினேன். விசுவாசம் மட்டும் காரணமில்லை, அஞ்சறைப் பெட்டி போகிற வண்டி இது.

வேலையில் நிதானம் வேண்டிய இடம் ஒட்டுவதுதான். லேமினேட்டை எல்லாப் பக்கமும் அரை அங்குலம் அதிகமாக வெட்டிக்கொள்ள வேண்டும். கான்டாக்ட் சிமென்ட் என்ற பசையைப் பலகை, லேமினேட் இரண்டிலும் பூசி (வெட்டுவாய் குடிக்கும், அங்கே இரண்டு கை) காயவிட வேண்டும். புறங்கையால் தொட்டால் பிசுக்கு இருக்கவேண்டும், ஒட்டி வரக்கூடாது, அதுதான் பதம். இந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும், தலையையும் சுற்றும். டிரெய்லருக்குள் இந்த வேலையே கூடாது, நான் கார் ஷெட் கதவைத் திறந்துவைத்துச் செய்தேன். இரண்டு பசைப் பரப்பும் ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது என்பதால் நடுவே குச்சிகளை அடுக்கி, அதன்மேல் தகட்டை வைத்து, இடம் சரிபார்த்து, நடுவிலிருந்து ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டே ஓரத்தை நோக்கி அழுத்திப்போக வேண்டும். நான் குச்சிக்குப் பதில் பழைய ஜன்னல் மறைப்பின் பட்டைகளைப் போட்டேன். காய்ந்த பசை பசையைத்தான் பிடிக்கும், பட்டையைப் பிடிக்காது. அழுத்துவதற்கு சப்பாத்திக் கட்டையை நீட்டினார் வீட்டுக்காரர். அதுவும் ஓரளவு ஆகும், ஆனால் 3 அங்குல ரப்பர் ரோலர் குறுகலானது, கையின் பலம் முழுக்க அந்த இடத்திலேயே இறங்கும்.

அப்புறம் ரூட்டர், அதாவது சுழலும் பிட்டால் விளிம்பைச் சீவும் கை மெஷின். ஓரத்தை ஒட்டச் சீவும் பிட்டின் நுனியில் பேரிங் இருக்கும், அதில் பசை அடைத்தால் சுற்றாமல் நின்று விளிம்பைக் கருக்கிவிடும். விளிம்பில் கொஞ்சம் வாஸலின் தடவிவிட்டால் போதும். சிங்க், அடுப்புத் துளைகளின் மூலைகளைச் சதுரமாக வெட்டவே கூடாது, சின்ன வளைவு விட வேண்டும். சதுர மூலை என்றால் வண்டி குலுங்கும்போது லேமினேட் அங்கேதான் கீறிக்கொண்டு ஓடும். துளையின் வெட்டுவாய்க்கும் பலகையின் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கை வார்னிஷ். அடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை கிண்ணமாகும்.

முன்விளிம்பில் வரிவரியாகப் பள்ளம் போட்ட அலுமினியப் பட்டி. புதுசு விற்கிறார்கள். வளைவில் வைக்கும்போது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மடக்க வேண்டும், இழுத்து மடக்கினால் வரி நசுங்கும்.

பொருத்துவதற்கு முன் வண்டியை ஜாக்கி வைத்து மட்டம் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிங்க்கில் தண்ணீர் ஒரு மூலையில் தேங்கும். சுவர் நேராக இருக்காது. காம்பஸை வைத்துச் சுவரின் போக்கைப் பலகைமேல் கோடாக இழுத்து அந்தக் கோட்டுக்குச் சீவினால் இடுக்கு தெரியாமல் உட்காரும். இந்தமுறை ஸ்க்ரூவை உள்ளிருந்தே, அலமாரிச் சட்டத்தின் அடியிலிருந்து மேல்நோக்கிப் போட்டேன். அடுத்து மாற்ற வருகிறவர் பிளேடு தேட வேண்டியதில்லை.

கேஸ் குழாயின் ஃப்ளேர் இணைப்பில், அதாவது குழாயின் வாயைப் புனல் மாதிரி விரித்துப் பொருத்துகிற இடத்தில், டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள். அங்கே செம்பும் பித்தளையும் முகத்தோடு முகம் அழுந்தித்தான் அடைக்கிறது, டேப் அதற்கு இடைஞ்சல். முடுக்கிவிட்டு சோப்புத்தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மூக்கை நம்பாதீர்கள்.

சமைத்துப் பார்த்தாயிற்று. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்பு தோசைக்கல்லை லேமினேட்டில் நேரே வைத்தால் கொப்புளம் கிளம்பும், பக்கத்தில் ஒரு பிரிமணை வேண்டும். மஞ்சள்தூள் கறை இந்த நிறத்தில் அவ்வளவாகக் கண்ணில் படாது, பட்டாலும் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசித் துடைத்துவிட்டு ஜன்னல் வெயிலில் விட்டால் போதும், மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. 8 அடிக்கு 4 அடித் தகட்டில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கிறது, முன்பக்கத்துச் சாப்பாட்டு மேசைக்கும் வரும். அந்த மேசையின் மடக்குக்கால் ஆடுகிறது, அதைச் சரிசெய்துவிட்டுத்தான் ரூட்டரை மறுபடி எடுக்க வேண்டும்.