மச்சானின் பழைய ஹோலி காபரேற்றர்: கொம்பனிச் சாமான் எது, பிறகு ஏறினது எது?

ஹோலி கொம்பனியின் காபரேற்றர் (பெற்றோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு விடுகிற சாமான்) ஒன்று கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, மேலே காற்று இறங்குகிற வாயைச் சுற்றி நிற்கும் சோக் கோபுரத்தில் அடித்திருக்கும் லிஸ்ட் இலக்கம். அதை வைத்து என்ன மொடல், எவ்வளவு காற்று எடுக்கும், என்ன ஜெற்றோடு (பெற்றோலை அளந்து விடுகிற துளையுள்ள பித்தளைத் திருகு) வெளியே வந்தது என்றெல்லாம் பட்டியலில் பார்த்துவிடலாம். என் மேசையில் இருப்பதில் அந்தக் கோபுரமே இல்லை. காற்று தடையில்லாமல் இறங்கட்டும் என்று ட்றாக் ரேஸ்காரர்கள் (கால் மைல் நேர்ப்பாதையில் ஓடுகிறவர்கள்) அதைச் சீவி எடுப்பதுண்டு. இலக்கமும் அதோடு போய்விடும். உடம்பெல்லாம் மங்கிய பொன்னிறப் பூச்சு, சீவின விளிம்பில் மட்டும் வெறும் துத்தநாகம், அதில் வெட்டுக் கருவி சுழன்ற வளைகோடுகள்.

சாமான் மச்சானுடையது. கனடாவில் அவர் வாங்கிய பழைய காரில் பூட்டியிருந்தது. ஒன்ராறியோவில் கயூகா ஓட்டுதளத்தில் கால் மைல் ஓடின கார், ஆனால் முன்னைய சொந்தக்காரர் என்னென்ன மாற்றினார் என்று சொல்ல ஆளில்லை. இப்போது மச்சான் அதை ரோட்டில்தான் ஓடுகிறார். வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்தபோது தந்துவிட்டுப் போனார். அடுத்த பொங்கலுக்கு வந்து எடுத்துப்போவார். மாங்குளத்தில் லான்ட்மாஸ்டரும் தண்ணீர்ப் பம்பும் திருத்துகிற எனக்கு நான்கு வாய்க் காபரேற்றரைக் கழற்றிப் பார்க்கக் கிடைப்பது பெரிய விஷயம். அதனால் அவசரப்படாமல் செய்கிறேன்.

இலக்கம் இல்லாவிட்டால் அளவுதான் சாட்சி. முன்னுக்கும் பின்னுக்கும் அக்சிலரேற்றர் பம்ப் (மிதிக்கும்போது பெற்றோல் பீய்ச்சுகிறது) இருந்ததால் டபுள் பம்பர் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. வேர்ணியர் வைத்து அளந்தேன். காற்று இறங்குகிற வாயின் இடுப்பான வெஞ்சூரியின் ஒடுங்கின இடம் நான்கிலும் 35 மில்லிமீற்றருக்குக் கிட்ட, கீழே காற்றைத் திறந்து மூடுகிற த்ரொட்டில் துளை 43. அங்குலத்தில் 1 3/8, 1 11/16. நிமிடத்துக்கு 750 கன அடி எடுக்கிற லிஸ்ட் 4779 இன் அளவு அது. 850 ஆக இருந்தால் வெஞ்சூரி 1 9/16, துளை 1 3/4 வரவேண்டும். 650, 700 இரண்டிலும் முன் வெஞ்சூரி இதைவிடச் சின்னது. சரி, 4779 என்று கொப்பியில் எழுதியாயிற்று.

வயதுக்கு ஒரு தடயம் அடித்தட்டில் இருக்கிறது. என்ஜின் பின்னடித்தால், பாரம் ஏறும்போது கூடுதல் பெற்றோல் விடுகிற பவர் வால்வின் டயபிரம் கிழிந்துபோகும். அதைத் தடுக்க 1992 இலிருந்து ஹோலி அந்த வக்கூம் வழியில் ஒரு சின்னக் குண்டு வால்வ் வைக்கத் தொடங்கியது. என்னுடையதில் அந்த வழி வெறும் துளை. ஆகவே அடித்தட்டாவது அதற்கு முந்தியது.

உள்ளே போனால் பவர் வால்வ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு அடைப்பு. ரேஸில் எந்நேரமும் முழு த்ரொட்டில்தானே என்று வால்வை எடுத்து அடைத்துவிட்டு, குறைகிற பெற்றோலை ஈடுசெய்ய மெயின் ஜெற்றை ஆறு முதல் பத்து இலக்கம் வரை ஏற்றுவார்கள். ரோட்டில் ஓடுகிற காருக்கு இது சரிவராது. மெதுவாகப் போகும்போதும் தேவைக்கு மேல் குடிக்கும், பிளக் கறுக்கும்.

என்னை அதிகம் மினக்கெடுத்தியது பின் ஜெற்றுகள். இரண்டிலும் 80 என்று அடித்திருக்கிறது. ஹோலி மெயின் ஜெற் இலக்கம் துளையின் அளவு இல்லை, பாய்ச்சலுக்கான இலக்கம். 80 இன் துளை 0.093 அங்குலம், அதாவது 2.36 மில்லிமீற்றர். அதே காபரேற்றரில் பம்ப் பீய்ச்சுகிற நொசிலில் 37 என்று இருந்தால் அது நேராக 0.037 அங்குலம். ஒரே சாமானில் இரண்டு கணக்கு, இதைத் தெரியாமல் அளந்தால் எல்லாம் பிழைக்கும். 2.5 மில்லிமீற்றர் ட்றில் பிற்றின் வால்பக்கத்தை விட்டுப் பார்த்தேன். ஒரு ஜெற்றில் போகவில்லை, மற்றதில் தாராளமாகப் போனது.

அதை எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணையிடம் கொண்டுபோனேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், இரண்டு சொட்டுப் பெற்றோலில் ஸ்டாட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாற்றி மோட்டார்சைக்கிள் ஓடவைத்த ஆள். அவர் கைபடாத காபரேற்றர் இந்தப் பக்கம் குறைவு. வாசல் வெளிச்சத்தில் ஜெற்றைப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“தம்பி, இது கையாலை துளைச்சது. உள்ளுக்குக் கோடு சுத்திக்கொண்டு போகுது, பார். மற்றதைப் பார், கண்ணாடி மாதிரி இருக்கு.”

பூதக்கண்ணாடியில் பார்த்தால் அப்படியேதான். நல்ல ஜெற்றில் துளையின் வாய் இரண்டு பக்கமும் சீராகச் சரிந்து இறங்குகிறது. துளைத்ததில் ஒரு பக்கச் சரிவு பாதி அழிந்து, விளிம்பில் பித்தளைப் பிசிர் நிற்கிறது. சில என்ஜின்களுக்கு மூலைக்கு மூலை வேறு ஜெற் போடுவது உண்டு, மனிபோல்டில் பெற்றோல் சமமாகப் பிரியாது என்பதால். ஆனால் அதற்கு வேறு இலக்கம் வாங்கிப் போடலாம். 80 என்று அடித்ததைத் துளைத்து வைத்தால் பின்னுக்கு வருகிறவன் எப்படி அறிவான்? இரண்டையும் மாற்றத்தான் வேண்டும் என்பது என் முடிவு.

அந்தப் பின் ஜெற்றுகளின் தலையில் நீளக் குழாய் இரண்டு செருகியிருந்தது. ரேஸ் கார் பாய்ந்து எழும்பும்போது கிண்ணத்துப் பெற்றோல் பின்சுவருக்கு ஒதுங்கும். பின் கிண்ணத்தில் ஜெற் இருப்பதோ முன்சுவரில். ஒரு கணம் ஜெற் காற்றை உறிஞ்சினால் போச்சு. அதற்காகத்தான் குழாய் பின்னோக்கி நீள்கிறது. அது இடிக்காமல் இருக்கப் பித்தளை மிதவையிலும் இரண்டு வெட்டு இருக்கிறது. வெட்டின் உள்மூலை ஒழுங்காக மடித்து ஈயம் வைத்தது, ஆகவே இது இதற்கென்றே விற்ற மிதவை, வீட்டில் வெட்டினது இல்லை. சுத்தமான வேலை. குழாயும் மிதவையும் இருக்கட்டும். ரோட்டிலும் கெடுதல் செய்யாது.

மேலே எயார் பிளீட் (பெற்றோல் வழிக்குக் காற்று விடுகிற சின்னத் துளை) எட்டில் நான்கு திருகிக் கழற்றுகிற வகை. 4779 இல் கொம்பனி அழுத்திச் செருகின பித்தளைதான் வரும், எனவே யாரோ துளைத்துப் புரி வெட்டியிருக்கிறார்கள். மூன்று நேராக நிற்கின்றன, ஒன்று கொஞ்சம் சரிவு. பெயரோ இலக்கமோ இல்லாததால் ஒவ்வொன்றின் துளையையும் அளந்து கொப்பியில் படம் கீறி வைத்தேன். பம்பை அமுக்குகிற கம் இரண்டும் நிறப் பிளாஸ்டிக், ஆனால் முன்னுக்கு ஒரு நிறம், பின்னுக்கு வேறு. பின் பம்பின் கூடு முன்னதைவிட ஆழம்: 50 சீசீ வகை. பத்துத் தரம் அமுக்க வருகிற அளவுதான் அந்த 50. வழமையாக வருவது 30.

இப்போதைக்கு உடம்பைக் கழுவி, வழிகளுக்குக் காற்றடித்து வைத்திருக்கிறேன். டயபிரம் இரண்டும் விறைத்துப் போயிற்று, பக்கிங் ஒன்றும் உதவாது. மச்சானுக்கு அனுப்பின பட்டியலில் அவையும் 80 ஜெற் ஒரு சோடியும் இருக்கின்றன. பவர் வால்வ் இலக்கம் மட்டும் பாக்கி. 65 என்றால் 6.5 அங்குல இரச வக்கூமில் திறக்கும். ஐடிலில் என்ஜின் எவ்வளவு வக்கூம் காட்டுகிறதோ அதில் ஏறக்குறைய பாதிக்கு வால்வ் போடுவது வழக்கம். இப்போது வேறு காபரேற்றரோடு கார் ஓடுகிறதாம். கேஜ் பூட்டி அளந்து சொல்லும்படி கேட்டிருக்கிறேன். அது வந்தால்தான் முன் ஜெற்றை எவ்வளவு இறக்குவது என்றும் பார்க்கலாம்.