விண்கலத்துக்கு வந்த டைம்கீப்பர்

காஸ்மோட்டியர் என்று ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. நமக்கு வேண்டிய விண்கலத்தை நாமே கட்டம் கட்டமாக வடிவமைத்து, ஆள் சேர்த்து, எதிரே வரும் கொள்ளைக்காரக் கப்பல்களோடு மோத வேண்டும். வால்ட் டெஸ்ட்லர் என்பவர் பல வருடம் உட்கார்ந்து செதுக்கியது. 2022 அக்டோபரில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்தது. ஆபீஸ் லேப்டாப்பை மூடியதும் நான் திறப்பது இதைத்தான். சீரியல் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று வீட்டில் ஒரு ஒப்பந்தம்.

மற்ற விண்வெளி விளையாட்டுகளில் பட்டனை அழுத்தினால் குண்டு போகும். இதில் அது நடக்காது. லேசர் சுட மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரம் வயர் வழியாக வராது. ஒரு ஆள் ரியாக்டருக்குப் போய் பேட்டரியை எடுத்து, தாழ்வாரம் வழியாக ஓடி, துப்பாக்கியில் கொண்டுபோய்ப் போட வேண்டும். பாதுகாப்புக் கவசத்துக்கும் அப்படித்தான், கப்பலைத் தள்ளும் எஞ்சினுக்கும் அப்படித்தான். பீரங்கி என்றால் குண்டைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாம் மேலிருந்து பார்க்கிறோம். கூரையை எடுத்துவிட்டால் உள்ளே குட்டிக் குட்டி மனிதர்கள் சுமை தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடுவது தெரியும். எனக்குச் சண்டையை விட இதைப் பார்ப்பதுதான் பிடிக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் என் மாமனார் சார்ஜர் தேடி வந்தவர், பின்னால் அப்படியே நின்றுவிட்டார். மாமா பஸ் டிப்போவில் கண்டக்டராகச் சேர்ந்து டைம்கீப்பராக ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எங்கள் தெரு முனையில் டவுன் பஸ் திரும்பினால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"ஏம்மா, இந்தப் பசங்க எங்க ஓடுறாங்க?"

"பேட்டரி எடுத்துட்டுப் போறாங்க மாமா. அங்க முன்னாடி துப்பாக்கி இருக்குல்ல, அதுக்கு."

"தூங்குறது எங்க?"

கப்பலின் வால் பக்கம் இருபத்து நான்கு பேர் தங்கும் பெரிய அறையைக் காட்டினேன். மாமா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"படுக்கை இந்தக் கடைசில, வேலை அந்தக் கடைசில. பூராம் டெட் கிலோமீட்டர்ம்மா."

டிப்போவிலிருந்து முதல் ஸ்டாப்புக்கு ஆள் ஏற்றாமல் வெறும் வண்டியாக ஓடும் தூரத்துக்கு அவர்கள் பாஷையில் அப்படிப் பெயராம். மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரிய அறையை இடிக்கச் சொன்னார். ஆறு பேர் தங்கும் அறைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ரியாக்டருக்கும் துப்பாக்கிக்கும் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். ஒற்றைத் தாழ்வாரத்தில் போகிறவனும் வருகிறவனும் முட்டிக்கொள்கிறான் என்று இன்னொரு வழி திறக்கச் சொன்னார். இந்த விளையாட்டில் கரை கண்டவர்கள் சொல்லும் யோசனைகள் எல்லாம் ஏறக்குறைய இவைதான். மாமா சார்ஜர் தேட வந்த இடத்தில் சொல்லிவிட்டார்.

அடுத்த சண்டையில் லேசர் ஒரு முறைகூட நிற்கவில்லை. எதிரிக் கப்பல் பொடிப்பொடியாகிப் போனது. நான் கைதட்டினேன். மாமா எதிரியைப் பார்க்கவே இல்லை. "அந்த ரெண்டாவது ரூம்ல ஒருத்தன் சும்மாவே நிக்கறான், அவன் டூட்டி என்ன?" என்றார்.

கேட்டிருக்கக் கூடாத கேள்விக்கு நான் பதில் சொன்னேன். ஆட்களைப் பிரித்து, பிரிவுக்கு ஒரு பெயரும் நிறமும் கொடுத்து, யார் எந்த வேலையை முதலில் பார்க்க வேண்டும் என்று வரிசைப்படுத்த இந்த விளையாட்டில் தனியாக ஒரு இடமே உண்டு. அதைத் திறந்து காட்டினேன். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை என் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் பழைய டைரி ஒன்றில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு டூட்டி சார்ட் தயார். எஞ்சின் பச்சை, துப்பாக்கி சிவப்பு, குண்டு தூக்க மஞ்சள். கடைசியாக நீலத்தில் ஆறு பேர், எதுவும் செய்யாமல்.

"இவங்க எதுக்கு மாமா? ஒவ்வொரு ஆளுக்கும் காசு கொடுத்துச் சேர்க்கணும்."

"ஸ்பேர்ம்மா. ஸ்பேர் இல்லாம வண்டி எடுப்பாங்களா?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கொஞ்ச நாளில் மாமாவுக்குச் சண்டையே பிடிக்காமல் போய்விட்டது. விண்கற்களை வெட்டி இரும்பும் கந்தகமும் எடுத்து விண்வெளி நிலையத்தில் விற்கலாம் என்று தெரிந்ததும் அதுதான் ரூட் என்று முடிவு செய்துவிட்டார். கந்தகத்திலிருந்துதான் பீரங்கிக் குண்டு தயாராகிறது என்று வேறு நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து குறி தவறிப் போகும் ஒவ்வொரு குண்டுக்கும் பின்னாலிருந்து ஒரு "ச்சு" கேட்கும். சாப்பாட்டு மேசையில் "இன்னைக்குக் கலெக்‌ஷன் எவ்வளவு?" என்பார். என் கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். அவர் வளர்ந்ததே இந்தக் கேள்வியோடுதான்.

அப்புறம் கே.எம்.பி.எல். வந்தது. ஒரு லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது டிப்போவில் டிரைவருக்கு நல்ல பெயரும் கெட்ட பெயரும் வாங்கித் தரும் சமாச்சாரம். கப்பல் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவ ஹைப்பீரியம் என்று ஒரு பொருள் செலவாகும். அது குறைவதைப் பார்த்து மாமாவுக்கு வயிறு எரிந்தது. இரும்புத் தகடு கூடினால் கப்பல் கனக்கும், மெதுவாகும் என்று நான் விளக்கியதிலிருந்து அவர் கண் பின்பக்கத் தகடுகள் மேலேயே இருந்தது.

"பின்னாடி எதுக்கும்மா இவ்வளவு தகரம்? நாம முன்னாடிதானே போறோம்?"

நான் வாதாடிப் பார்த்தேன். மாமியார் அடுப்படியிலிருந்து, "அவர் சொன்னா ஏதாச்சும் இருக்கும், எடுத்துரு" என்றார். அவர் ஒரு நாளும் திரையைப் பார்த்தவரில்லை. எடுத்தேன்.

கொள்ளைக்காரர்கள் பின்னாலிருந்துதான் வந்தார்கள். முதல் அடி எஞ்சினில், அடுத்தது ரியாக்டரில். இதில் ரியாக்டர் போனால் தனியாகப் போகாது, அக்கம்பக்கத்தையும் கூட்டிக்கொண்டு வெடிக்கும். நடுவில் இணைப்பு அறுந்து கப்பல் இரண்டு துண்டானது. பச்சை டூட்டியில் ஒருவர்கூட மிச்சமில்லை. நான் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஸ்பேர் எத்தனை பேர் இருக்காங்க?"

"ஆறு பேரும் இருக்காங்க மாமா. எஞ்சின்தான் இல்ல."

பழைய சேமிப்பைத் திறந்தால் சண்டைக்கு முன்னால் போய்விடலாம் என்றேன். மாமா ஒப்புக்கொள்ளவே இல்லை. நடந்ததை நடக்கவில்லை என்று எழுதச் சொல்கிறாயா என்று கோபம். டைரியில் தேதி, நேரம், இடம் போட்டு ஒரு பக்கத்துக்கு விபத்து அறிக்கை எழுதினார். காரணம் என்ற இடத்தில் "எதிரே வந்த வாகனம்" என்று இருந்தது. எதிரே வரவில்லையே என்று நான் சொல்லவில்லை. குடும்பம் நடக்க வேண்டும்.

புதுக் கப்பலை இரண்டு பக்கமும் தகடு போட்டுத்தான் கட்டினோம். அது மாமாவுக்கு அவ்வளவு பிடித்துப்போய், டிப்போவில் ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும் என்றார். இந்த விளையாட்டில் கப்பலைச் சேமித்தால் அது ஒரு படமாகத்தான் சேமிக்கும். கப்பலின் முழு விவரமும் அந்தப் படத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கி விவரத்தைக் கெடுத்துவிடும், டாக்குமென்டாக அனுப்புங்கள் என்றேன். மாமா இரண்டு விதமாகவும் அனுப்பினார். அந்தக் குரூப்பில் யாரிடமும் கம்ப்யூட்டர் கிடையாது.

பதில்கள் வந்து குவிந்தன. ஸ்டியரிங் எங்கே என்று ஒரு டிரைவர். எஃப்.சி. எப்போது முடிகிறது என்று ஒரு மெக்கானிக். மாமா எல்லாருக்கும் பொறுமையாக வாய்ஸ் மெசேஜ் போட்டுக்கொண்டிருந்தார். அப்போது, அந்தக் காலத்தில் யூனியன் செயலாளராக இருந்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்தத் தொழிலாளிகளுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு?

மாமா என்னைப் பார்த்தார். "எவ்வளவும்மா?"

"சேர்க்கும்போது ஒரு தடவை காசு கொடுக்கறோம்ல மாமா, அதோட சரி. சம்பளம்னு தனியா எதுவும் கிடையாது."

"லீவு?"

"கிடையாது."

மாமா போனைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து போய் ஹால் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "இது வெளிய தெரிய வேணாம்மா" என்றார்.