லண்டனில் பாய்லர் மாற்றியபோது 2,690 பவுண்ட் எங்கெல்லாம் போனது

கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் எங்கள் வீடு. இரண்டு படுக்கையறை, ஒரே ஒரு குளியலறை உள்ள, பக்கத்து வீடுகளோடு வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய டெரஸ் வீடு. போன ஜனவரியில் பாய்லரை மாற்ற 2,690 பவுண்ட் செலவானது. அதில் பாய்லருக்கு மட்டும் என்று பார்த்தால் 1,180 பவுண்ட்தான். மீதி 1,510 பவுண்ட் வேறு வேலைகளுக்குப் போனது. கோட்டேஷன் வாங்குகிற எல்லாரும் எந்த கம்பெனி பாய்லர், எத்தனை வருட வாரண்டி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் பணம் கூடுவதும் குறைவதும் அந்த மீதியில்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே பாய்லர் என்பது நம்மூர் கீசர் மாதிரி குளியலறைக்கு மட்டும் உள்ள சாமான் இல்லை. வீட்டில் இருக்கிற எல்லா ரேடியேட்டருக்கும் சுடுதண்ணீர் அனுப்புவது அதுதான். காம்பி வகையாக இருந்தால் குழாயில் வரும் வெந்நீரும் அதிலிருந்துதான். குளிர்காலத்தில் அது நின்றால் வீடே நின்ற மாதிரி.

எங்கள் பழைய காம்பி பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடியது. நவம்பரிலிருந்தே அதன் பிரஷர் முள் இறங்கிக்கொண்டே இருந்தது. குளிர்ந்த நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். நாங்கள் தண்ணீரை ஏற்றி விடுவோம், இரண்டொரு நாளில் மறுபடி இறங்கிவிடும். ரேடியேட்டரில் எங்கும் ஈரம் இல்லை. திறந்து பார்த்தால் உள்ளே தீயின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் முக்கிய ஹீட் எக்ஸ்சேஞ்சரே அரித்து ஒழுகிக்கொண்டிருந்தது. அதை மட்டும் மாற்ற பொருளும் கூலியுமாக 600 பவுண்டுக்கு மேல் ஆகும் என்றார் பார்க்க வந்தவர். அதைச் செய்தாலும் ஃபேன், சர்க்யூட் போர்டு எல்லாம் அதே வயதுதான். அவ்வளவு பணத்தை அதில் போடுவதில் அர்த்தம் இல்லை என்று முடிவெடுத்தோம்.

அதற்குள் பாய்லர் முழுசாக நின்றுவிட்டது. எலக்ட்ரிக் ஹீட்டர் வாங்கி ஒரே அறையில் எல்லாரும் இருந்தோம். இங்கே யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் மின்சாரம் கேஸைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. குழந்தையைக் குளிப்பாட்ட கெட்டிலில் தண்ணீர் வைத்தோம். இந்த அவசரம்தான் விற்கிறவர்களுக்குப் பலம். கோடையில் கேட்டால் இன்ஜினியர்களுக்கு வேலை குறைவு, நிதானமாகப் பேசலாம். ஜனவரியில் நம் வீட்டுக் குளிர் அவர்களுக்கும் தெரியும்.

முதலில் ஆன்லைனில் விலை சொல்லும் ஒரு நிறுவனத்தில் கேட்டேன். வீட்டைப் பற்றிச் சில கேள்விகள், சில போட்டோக்கள், உடனே 2,290 பவுண்ட் என்று விலை வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கீழே போய்ப் படித்தால், கேஸ் பைப் மாற்ற வேண்டியிருந்தால் 350 தனி, பவர் ஃப்ளஷ், அதாவது ரேடியேட்டர்களையும் அவற்றின் பைப்புகளையும் மெஷின் வைத்துக் கழுவுவது, தேவைப்பட்டால் 480 தனி. எங்களுக்கு இரண்டுமே தேவைப்பட்டன. கூட்டினால் 3,120.

அப்புறம் ஒரு பெரிய நிறுவனத்திலிருந்து ஆள் வந்தார். 4,050 பவுண்ட், இன்றே கையெழுத்துப் போட்டால் 3,650 என்றார். ஒன்று சொல்ல வேண்டும், அவர் கொடுத்த பட்டியல் முழுமையாக இருந்தது, பைப், ஃப்ளஷ் எல்லாம் அதிலேயே அடக்கம். எனக்குப் பிடிக்காதது அந்த "இன்றே". வீட்டுக்கு வந்து போடும் ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்ய இங்கே சட்டத்தில் இடம் உண்டு, அதனால் பயந்து கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தவணையும் காட்டினார், 11.9 சதவீத வட்டியில் பத்து வருடம், மாதம் ஏறத்தாழ 51 பவுண்ட். மாதம் 51 என்றால் சின்னதாகத் தெரிகிறது. பத்து வருடத்தில் அது 6,100 பவுண்டைத் தாண்டும். வீட்டுக்காரர்கள் பலர் கையில் பணம் இல்லாத நேரத்தில் இதில் மாட்டுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். யாராவது தவணை பேசினால் மாதத் தொகையை விட்டுவிட்டு மொத்தத் தொகையைக் கேளுங்கள்.

கடைசியில் வேலையைச் செய்தவர் யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவர். உதவிக்கு ஒரு பையனை மட்டும் வைத்துக்கொண்டு தனியாகத் தொழில் செய்கிறார். நண்பர் வீட்டில் வேலை செய்தவர். மற்ற கோட்டேஷன்களைக் காட்டியபோது வாசித்துவிட்டு, "தம்பி, பெட்டியின்ட விலை எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒண்டுதான். மிச்ச வேலைக்கு ஆர் என்ன எழுதியிருக்கினம் எண்டு பாருங்கோ" என்றார். அவர் வாட் (VAT) என்ற விற்பனை வரிக்குப் பதிவு செய்யாதவர். வருடத்தின் மொத்த வியாபாரம் 90,000 பவுண்டுக்குள் இருந்தால் பதிவு கட்டாயம் இல்லை. பொருட்கள் மேல் அவர் வாட் கட்டித்தான் வாங்குகிறார், ஆனால் அவருடைய கூலி மேல் 20 சதவீதம் ஏறாது. சின்ன ஆட்களிடம் விலை குறைவதற்கு இது ஒரு நேர்மையான காரணம்.

அவர் எழுதிக் கொடுத்த கணக்கு இது. 24 கிலோவாட் காம்பி 1,180. புகை வெளியேறும் ஃப்ளூ குழாய் செட் 85. துருச் சேற்றைக் காந்தத்தால் பிடிக்கும் மேக்னெட்டிக் ஃபில்டர் 115. அறையில் வைக்கும் கன்ட்ரோலர் 140. உப்புப் படிவதைக் குறைக்கும் சாதனம் 40, லண்டன் தண்ணீர் கடினத் தண்ணீர் என்பதால் அது வேண்டும். பவர் ஃப்ளஷும் அதற்கான ரசாயனமும் 350. கேஸ் பைப் 180. கண்டென்சேட் பைப் 60. கூலி 540.

பாய்லரின் அளவைப் பற்றித்தான் நிறையப் பேசினோம். பெரிய நிறுவனத்து ஆள் 35 கிலோவாட் எழுதியிருந்தார். எங்கள் வீட்டைச் சூடாக்க உச்சகட்டக் குளிரிலும் 10 கிலோவாட்கூட வேண்டியதில்லை. காம்பியில் பெரிய எண் தேவைப்படுவது குழாயில் வரும் வெந்நீருக்காக. 24 கிலோவாட் பாய்லர், தண்ணீரை 35 டிகிரி கூட்டிச் சூடாக்கினால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 லிட்டர் தரும். 35 கிலோவாட் என்றால் 14 லிட்டர். அண்ணா ஒரு அளவு ஜாடியைச் சமையலறைக் குழாயின் கீழ் பிடித்தார். தெருக் குழாயிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதே நிமிடத்துக்கு 11 லிட்டர்தான். வராத தண்ணீரைச் சூடாக்க ஏன் அதிகப் பணம் கொடுக்க வேண்டும்? அதோடு, பெரிய பாய்லர்கள் பலவற்றால் தீயை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. லேசான குளிர் நாட்களில் பற்றுவதும் அணைவதுமாகவே இருந்து கேஸும் வீணாகும், உறுப்புகளும் தேயும். வீட்டில் இரண்டு குளியலறை இருந்து இரண்டு ஷவரும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும் என்றால் கதை வேறு. எங்களைப் போன்ற வீட்டுக்கு 24 தாராளம். அந்தச் சோதனைக்கு ஒரு ஜாடியும் கடிகாரமும் போதும், யாரும் வருவதற்கு முன்பே நீங்களே செய்து பார்க்கலாம்.

கேஸ் பைப் விஷயம் பலருக்குப் புரிவதில்லை. மீட்டரிலிருந்து பாய்லர் வரை எங்களுக்கு 15 மி.மீ. பைப் தரைக்கு அடியில் சுற்றிப் போயிருந்தது. மீட்டருக்கும் பாய்லருக்கும் இடையில் அழுத்தம் 1 மில்லிபாருக்கு மேல் குறையக் கூடாது. எங்களுடையது அதைவிட அதிகமாகக் குறைந்தது, அளந்தே காட்டினார். அதனால் பெரும்பகுதியை 22 மி.மீ. ஆக மாற்றினார். அளக்காமலே பைப்பைத் தொட வேண்டாம் என்று சொல்பவரையும், அளக்காமலே மாற்ற வேண்டும் என்று சொல்பவரையும் நம்ப மாட்டேன்.

பவர் ஃப்ளஷுக்கு 350 பவுண்ட் கொடுக்க எனக்கு முதலில் மனம் வரவில்லை. எங்கள் ரேடியேட்டர்கள் மேலே சூடாகவும் அடியில் ஜில்லென்றும் இருந்தன. அடியில் சேறு தேங்கியிருப்பதற்கு அதுதான் அடையாளம். இரும்பு உள்ளே துருப்பிடித்துக் கறுப்புச் சேறாகிறது. மெஷினை மாட்டி ஓடவிட்டதும் வந்த தண்ணீர் டிகாஷன் மாதிரி இருந்தது. ஒவ்வொரு ரேடியேட்டராகச் சுத்தியால் தட்டித் தட்டிக் கழுவினார்கள். இந்தச் சேறு புது பாய்லரின் மெல்லிய வழிகளுக்குள் போனால் சில வருடத்திலேயே அடைத்துவிடும். சிஸ்டத்தைச் சுத்தம் செய்யாமல் வைத்தது தெரிந்தால் வாரண்டியும் நிற்காது. புது வீடு, சுத்தமான தண்ணீர் என்றால் சாதாரண ரசாயனக் கழுவலே போதும். எங்களுக்கு அது போதாது.

இப்போது விற்பதெல்லாம் கண்டென்சிங் வகை. புகையிலிருக்கும் நீராவியையும் தண்ணீராக்கி அதன் சூட்டை எடுத்துக்கொள்ளும். அந்த லேசான அமிலத் தண்ணீர் வெளியேறத்தான் கண்டென்சேட் பைப். அது வீட்டுக்கு வெளியே மெல்லியதாகப் போனால் கடுங்குளிரில் உறைந்து பாய்லர் நின்றுவிடும். 2018 பிப்ரவரி, மார்ச் பனியில் ஏராளமான வீடுகளில் இதுதான் நடந்தது. எங்களுடையதும் பின்சுவரில் மெல்லிய பைப்பாகத்தான் போனது. வெளியே போகும் பகுதியை 32 மி.மீ. ஆக்கி, மேலே உறை போட்டார். 60 பவுண்ட் வேலை, ஆனால் என்னைக் கேட்டால் மொத்தக் கணக்கில் மிக நியாயமான செலவு இதுதான்.

கன்ட்ரோலரிலும் கவனம் வேண்டும். 2018 ஏப்ரலிலிருந்து இங்கிலாந்தில் புது காம்பி வைத்தால், நேரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தும் கருவியோடு, கேஸை மிச்சப்படுத்தும் ஏற்பாடு ஒன்றும் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்களுடையது அறை சூடாகிக்கொண்டு வரும்போது ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். வெறும் ஆன்-ஆஃப் தெர்மோஸ்டாட் மட்டும் எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கேஸ் இல்லாமல், வெளிக்காற்றிலிருக்கும் சூட்டை மின்சாரத்தால் வீட்டுக்குள் கொண்டுவரும் வெப்பப் பம்பையும் யோசித்தோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லர் அப்கிரேட் ஸ்கீம் என்ற அரசுத் திட்டத்தில் அதற்கு 7,500 பவுண்ட் மானியம் கிடைக்கிறது. கேஸ் பாய்லரை மாற்றிப் புது கேஸ் பாய்லர் வைக்க அந்தத் திட்டத்தில் பணம் இல்லை. எங்கள் வீட்டில் வெந்நீர் சிலிண்டர் வைக்க இடம் இல்லை, ஜனவரியில் காத்திருக்கவும் முடியாது. பழைய பாய்லர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறவர்கள், இடம் உள்ளவர்கள், அதைக் கண்டிப்பாக விசாரிக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன், கேஸ் வேலை செய்யப் பதிவு பெற்றவர் என்பதைக் காட்டும் கேஸ் சேஃப் அட்டையைக் கேட்டேன். பழைய ஆட்கள் இன்னும் கோர்கி என்பார்கள், 2009 ஏப்ரலிலிருந்து கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்தான். அட்டையின் முன்பக்கத்தில் போட்டோவும் உரிம எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று இருக்கும், பாய்லர் அதில் உண்டா என்று பாருங்கள். எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டும் பார்க்கலாம். அண்ணா துளியும் முகம் சுளிக்கவில்லை, "எல்லாரும் கேட்கோணும்" என்றார்.

காலை எட்டு மணிக்கு வந்தார்கள். பழையதைக் கழற்றுமுன்பே கழுவும் வேலை தொடங்கியது, பாதி நாள் அதற்கே போனது. சுவரில் பழைய ஃப்ளூ ஓட்டையையே பயன்படுத்த முடிந்ததால் செலவு மிச்சம். பாய்லரை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னாலோ, கூரை வழியாக ஃப்ளூ போக வேண்டியிருந்தாலோ பல நூறு பவுண்ட் கூடியிருக்கும். மறுநாள் மதியம் கேஸ் கசிவுச் சோதனை, புகையின் அளவீடு எல்லாம் முடித்து, கையேட்டின் பின்னால் இருக்கும் பெஞ்ச்மார்க் பக்கத்தில் எண்களை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கம் காலியாக இருந்தால் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்தையும் அவரே பொருத்தினார். 2022 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் புது பாய்லரோடு அது கட்டாயம்.

ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூடு கம்பெனி அமைப்பில் அதிகமாக இருந்தது, 60 டிகிரிக்குக் குறைக்கச் சொன்னேன். திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் கண்டென்சிங் நடக்கும். அதைவிடச் சூடாக ஓட்டினால், கண்டென்சிங்குக்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண். வீடு சூடாகக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகிறது, அவ்வளவுதான்.

காகிதங்கள் பிறகு வந்தன. புது பாய்லர் வைத்ததை இன்ஜினியர் 30 நாளுக்குள் கேஸ் சேஃப் வழியாகத் தெரிவிக்க வேண்டும். அதன்பின் கட்டட விதிகளுக்கான சான்றிதழ் வரும். வீட்டை விற்கும்போது சொலிசிட்டர் (வக்கீல்) கேட்கிற முதல் காகிதங்களில் அது ஒன்று. வாரண்டியையும் கம்பெனியில் பதிவு செய்ய வேண்டும், பலவற்றில் அதற்கும் 30 நாள்தான் கெடு. பத்து வருட வாரண்டி என்று போட்டிருந்தாலும் ஒவ்வொரு வருடமும் சர்வீஸ் செய்து அதே கையேட்டில் பதிந்தால்தான் செல்லும். எங்களுக்கு அதற்கு 90 பவுண்ட் சொல்லியிருக்கிறார். ஜனவரிக்குக் காத்திருக்காமல் செப்டம்பரிலேயே வந்து பார்க்கச் சொல்லிவிட்டேன்.