பாறையில் குழி இருந்தால் உடனே நட்சத்திரமா?

பழைய பாறை ஒன்றில் நாலு குழி தெரிந்தால் போதும், இது நட்சத்திர வரைபடம் என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். நானும் அந்தக் கட்சிதான், பூஉலோவா பற்றிப் படிக்கும் வரை.

ஹவாய்த் தீவின் தெற்கே, எரிமலைக் குழம்பு இறுகிக் கிடக்கும் கரிய மேடு அது. 23,000-க்கும் மேல் செதுக்கல்கள். மனித உருவங்கள், படகுப் பாய்கள் எல்லாம் உண்டு, ஆனால் பெரும்பாலானவை வெறும் குழிகள், படத்தில் பார்த்தால் அப்படியே ராத்திரி வானம். 1914-ல் அங்கே போன நாட்டுப்புறவியல் ஆய்வாளர் மார்த்தா பெக்வித்திடம் உள்ளூர்க்காரர்கள் சொன்னதோ வேறு: குழந்தையின் தொப்புள்கொடியைக் கொண்டுவந்து, பாறையில் குழி குடைந்து அதற்குள் வைத்து, மேலே ஒரு கல்லை மூடிவிட்டுப் போவார்களாம், காலையில் வந்து பார்த்தால் கொடி இருக்காதாம், பிள்ளைக்கு ஆயுசு கெட்டி. பூஉ என்றால் மேடு, லோவா என்றால் நீளம். நீண்ட ஆயுளின் மேடு என்று அவர்கள் பொருள் சொல்வது அதனால்தான்.

சரி, பாறையில் செதுக்கிய வட்டங்களாவது சூரியனாக இருக்கும் என்று பார்த்தால் அதுவும் இல்லை. 1823-ல் தீவைச் சுற்றிவந்த பாதிரியார் வில்லியம் எல்லிஸ் விசாரித்தபோது, தீவை முழுதாகச் சுற்றியவர்கள் போட்ட அடையாளம் அது என்றார்கள், பாதியில் திரும்பியவர்களுக்கு அரைவட்டம்!

ஈஸ்டர் தீவு என்கிற ராப்பா நூயியில் ஒரோங்கோ என்ற பழைய சடங்குக் கிராமத்திலும் இதே கதைதான். அங்கே நாலு குழிகளைப் பார்த்துவிட்டு, 1955-56 நார்வேஜியத் தொல்லியல் பயணக் குழுவில் இருந்த எட்வின் ஃபெர்டன், இது சூரியனைக் கணிக்கும் இடம் என்றார். பிறகு பாறைச் செதுக்கல் ஆய்வாளர் ஜார்ஜியா லீயும் வானியலாளர் வில்லியம் லில்லரும் அளந்து பார்த்தார்கள், கணக்கு உதைத்தது.

அதற்காக இந்தத் தீவுக்காரர்களுக்கு வானம் தெரியாது என்று அர்த்தமில்லை. நாம் கார்த்திகை என்கிற அதே நட்சத்திரக் கூட்டம் ஹவாயில் மகாலிஈ. நவம்பர் வாக்கில், சூரியன் மறையும் வேளையில் கிழக்கே அது எழுந்தால் மகாஹிகி பருவம் நெருங்கிவிட்டது. அந்தக் காலத்தில் இந்தப் பருவம் முழுக்க, ஏறக்குறைய நாலு மாதம், போர் கிடையாது, லோனோ தெய்வத்துக்குக் காணிக்கை, விளையாட்டு. லோனோவின் உருவத்தைத் தூக்கிக்கொண்டு தீவையே சுற்றிவருவார்கள்.

தீவைச் சுற்றி என்றதும் எல்லிஸ் கேட்ட அந்த வட்டம் ஞாபகம் வந்துவிட்டது. உடனே இரண்டுக்கும் முடிச்சுப் போடக் கை பரபரத்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன்.