16 வயதுப் பையனுக்கு டெக்சா ஸ்கேன்

அக்கா மகனை நான்தான் வளர்க்கிறேன். பிறவியிலேயே எச்ஐவி. 2004-ல் தாம்பரம் சானடோரியத்தில் எச்ஐவிக்கு இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது. அதனால்தான் இவனை மாதிரிப் பிள்ளைகள் மீசை முளைக்கும் வயதுக்கு வந்திருக்கிறார்கள், நாமும் எலும்பைப் பற்றிக் கவலைப்படுகிறோம்.

இவன் சாப்பிடும் மாத்திரையில் டெனோஃபோவிர் இருக்கிறது. அது எலும்பு அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும். வைரஸும் தன் பங்குக்கு அரிக்கும். கிரிக்கெட்டில் லேசாக விழுந்ததற்கே மணிக்கட்டு முறிந்தது. டாக்டர் டெக்சா, அதாவது எலும்பு அடர்த்தியை அளக்கும் ஸ்கேன், எழுதினார். சீட்டில் காரணம் என்ன போடட்டும் என்று என்னைக் கேட்காமல் அவனைக் கேட்டார். "நீண்டநாள் மருந்துன்னு மட்டும் போடுங்க சார்." சம்மதமில்லாமல் நோயை வெளியே சொல்லக்கூடாது என்று 2017 எச்ஐவி சட்டமே சொல்கிறது. ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரில் "என்ன மருந்து?" என்று சத்தமாகக் கேட்டபோது, "டாக்டரைக் கேட்டுக்கோங்க" என்றான். எனக்கே வாய் வந்திருக்காது.

ஸ்கேன் சும்மா படுத்திருப்பதுதான். ஊசி கிடையாது. முந்தின நாள் கால்சியம் மாத்திரை போடக்கூடாது. இடுப்பில் உலோகம் கூடாது. என் அம்மா கட்டிவிட்ட அரைஞாண் தாயத்தை அவிழ்க்க அங்கே ஒரு பஞ்சாயத்து.

ரிப்போர்ட்டில் டி ஸ்கோர் மைனஸ் 2.7, 'ஆஸ்டியோபோரோசிஸ்' (எலும்புப்புரை நோய்) என்று அச்சடித்திருந்தார்கள். அம்மா உடனே, "அந்த மாத்திரையை நிறுத்திடு." டாக்டர் பேப்பரைப் பார்த்ததுமே இல்லை என்று தலையாட்டினார். டி ஸ்கோர் எலும்பு முழுசாக வளர்ந்த பெரியவர்களோடு ஒப்பிடுவது; வளரும் பிள்ளைக்கு அதே வயதோடு ஒப்பிடும் இசட் ஸ்கோர்தான் கணக்கு. இவன் குள்ளம் வேறு. சின்ன எலும்பை மிஷின் மெலிந்த எலும்பாகக் காட்டிவிடும். உயரத்தைச் சேர்த்துப் போட்டால் இசட் ஸ்கோர் மைனஸ் 1.6. மைனஸ் 2-க்குக் கீழே போனால்தான் வயதுக்குக் குறைவு என்பார்கள். அப்போதும் எண்ணை மட்டும் வைத்து ஆஸ்டியோபோரோசிஸ் என்று முத்திரை குத்த மாட்டார்களாம்.

மாத்திரை நிற்கவில்லை. ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டுவது), பாஸ்பேட், வைட்டமின் டி பார்த்தார்கள். வைட்டமின் டி மட்டும் குறைவு, வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட். சென்னை வெயிலில் இது எப்படி என்று கேட்காதீர்கள். பள்ளி, டியூஷன், செல்போன் மூன்றும் கூரைக்குக் கீழேதான்.

கால்சியத்தில் ஒரு சூட்சுமம். வெறும் வயிற்றில், இவன் கூட்டு மருந்தில் இருக்கும் டோலுடெக்ராவிரோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அதனால் கால்சியம் காலையில், கூட்டு மருந்து இரவு 9 மணிக்கு. கேழ்வரகு தோசைக்குத் தினமும் முகம் சுளிக்கிறான், ஆனாலும் சாப்பிடுகிறான்.

அடுத்த ஸ்கேன் ஒரு வருடம் கழித்து, அதே மிஷினில். மிஷின் மாறினால் எண்களை நேரடியாக ஒப்பிட முடியாதாம்.