அப்பாவின் 555 புத்தகத்தில் ஒரு மின்வாசிப்பான்

அப்பாவுக்கு மின்னூல் படிக்கும் கையடக்கக் கருவியான மின்வாசிப்பான் வாங்கிக் கொடுக்கலாம் என்று நானும் தங்கையும் முடிவெடுத்ததற்குக் காரணம் கறையான். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவர், வாரந்தவறாமல் பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய், கட்டுக் கட்டாக வாங்கி வந்து ஆயர் ஈத்தாம் வீட்டில் அடுக்குவார். இந்தத் தீவின் ஈரக்காற்றில் தாள்கள் பழுப்பதைச் சகித்துக்கொண்டிருந்தோம். போன மழைக்காலத்தில் இரண்டு தட்டுகள் மண்ணாகிப் போன பிறகுதான் அம்மா எங்கள் இருவரையும் அழைத்து, "அவருக்கு ஒரு வழி பண்ணுங்கள்" என்றார்.

இரண்டு வாரம் படித்துத் தயாரானேன். அமேசான் நிறுவனத்தின் மின்வாசிப்பானாக 2007இல் வந்த கிண்டிலில் 2016 இறுதியிலிருந்து தமிழ் நூல்களும் விற்கிறார்கள். இன்னொரு மின்வாசிப்பானான கோபோ, மின்னூல்களுக்கான ஈபப் வகைக் கோப்பை அப்படியே திறக்கும். கிண்டிலுக்கு அதே கோப்பை இணையவழி அனுப்பிவைத்தால்தான் ஏற்றுக்கொள்ளும். இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அப்பாவுடன் கொம்தார் பக்கம் இருந்த ஒரு கடைக்குப் போனேன். அந்தத் தாளை வெளியே எடுக்கும் வாய்ப்பே வரவில்லை.

விற்பனை இளைஞர் கருவியை நீட்டியதும் அப்பா முதலில் அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, ஐம்பது ஆண்டுப் பழக்கத்தில், ஆட்காட்டி விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் தள்ளினார். ஈரம் பட்ட தொடுதிரை என்ன நினைத்ததோ, இரண்டாம் பக்கத்திலிருந்து பதினேழாம் பக்கத்துக்குத் தாவிவிட்டது. "நடுவில் போனதை யார் படிப்பது?" என்று அவர் மலாயில் கேட்க, அந்தச் சீன இளைஞர் பதில் சொல்லாமல், திரையைத் துணியால் மரியாதையாகத் துடைத்துக் கொடுத்தார்.

அடுத்தது வெயில் சோதனை. அப்பா மாலையில் எஸ்பிளனேடு கடற்கரையில் அமர்ந்து வாசிப்பவர். கைப்பேசித் திரை அங்கே கண்ணாடியாகி அவர் முகத்தையே காட்டும் என்பது அவருடைய பழைய குறை. கருவியோடு கடை முன்னுள்ள நடைபாதையான அஞ்சடிக்கு இறங்கி நடுப்பகல் வெயிலில் பிடித்தார். எழுத்து அச்சிட்டதுபோல் நின்றது. இந்தத் திரைக்குள் நுண்ணிய உறைகளில் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கின்றன, மின்னூட்டம் கொடுத்தால் வேண்டிய நிறம் மேலே வரும், பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் தேவை, அதனால்தான் மின்கலம் வாரக்கணக்கில் தாங்குகிறது என்று நான் விளக்கினேன். "அப்படியானால் மெதுவாகப் படிப்பவனுக்கு மின்சாரம் மிச்சம்" என்றார். அன்று அவர் சொன்ன ஒரே பாராட்டு அதுதான்.

சிக்கல் எழுத்தில் வந்தது. நான் கொண்டுபோயிருந்த, பழைய நூலொன்றை வருடி எடுத்த பிடிஎப் கோப்பு, 6 அங்குலத் திரையில் கடுகைக் கொட்டியதுபோல் தெரிந்தது. பெரிதாக்கினால் வரி பாதியில் திரைக்கு வெளியே போயிற்று. 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாக மின்னாக்கி வரும் மதுரைத் திட்டத்தின் கோப்பு ஒன்றைத் திறந்தோம். இதில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அந்த மலிவுக் கருவியில் ‘கொ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் பிரிந்து, இடையில் ஒரு புள்ளி வட்டம் முளைத்தது. ஓய்வு பெற்ற தமிழாசிரியரின் கை தானாகவே சட்டைப்பையின் சிவப்புப் பேனாவுக்குப் போயிற்று. நான் மணிக்கட்டைப் பிடித்திராவிட்டால் அந்தத் திரையை அன்றைக்கே காசு கொடுத்து வாங்கியிருப்போம்.

இன்னொரு கருவியில், 7 அங்குலத் திரையில், கொம்பும் காலும் ஒழுங்காக ஒட்டியிருந்தன. பணம் கட்டப் போகும்போது அப்பா கடைசிக் கேள்வியைக் கேட்டார்: "இதை இரவல் கொடுக்கலாமா?" மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்றில், யார் எந்த நூலை வாங்கிப் போனார், என்று தருவார் என்று இருபது ஆண்டாகக் குறித்து வைப்பவர் அவர். கருவியைத்தான் கொடுக்க முடியும், உள்ளே இருக்கும் ஒரு நூலை மட்டும் உருவிக் கொடுக்க முடியாது என்றேன். "அப்படியானால் இது புத்தகம் இல்லை, அலமாரி" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். 700 வெள்ளிக்கு மேல் நான்தான் கட்டினேன்.

பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். கருவியின் முதுகில் பழுப்புத்தாள் அட்டை, அதில் அப்பாவின் பெயர், வரிசை எண், வாங்கிய தேதி எல்லாம் இருந்தன. ஆனால், அது அம்மாவின் மடியில் இருந்தது. எழுத்தைப் பெரிதாக்கலாம் என்று கண்டுபிடித்ததிலிருந்து அம்மா அதைக் கீழே வைப்பதில்லையாம். 555 புத்தகத்தில் ‘இல்லாள் – அலமாரி ஒன்று’ என்று ஒரு வரி. அதன் கீழே சிவப்பு மையில், ‘தவணை கடந்து 4 நாள்’. அம்மாவிடம் விசாரித்தேன். "இன்னும் 62 விழுக்காடு இருக்கிறது, முடிக்காமல் தர முடியாது" என்றார் தலை நிமிராமல்.

அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். கையில், மடித்த வெற்றுப் பை இரண்டு. எங்கே என்று நான் கேட்கவில்லை. சௌராஸ்தாவுக்குக் காரில் கொண்டுபோய் விட்டேன்.