கேமரா இருக்கிறது, பதிவு இருக்கிறதா?

கேமரா மாட்டுவது என் தொழில். எங்கள் பகுதியில் எங்காவது திருட்டு நடந்தால், போலீசுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் போன் வரும். கடைக்காரர்கள் ஒருவருக்கும் கடவுச்சொல் நினைவிருப்பதில்லை.

விவரம் தெரிந்த ஏட்டையா முதலில் பார்ப்பது, கேமராக் காட்சிகளைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டியில் ஓடும் கடிகாரத்தை. தன் செல்போனோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் முன்பின் என்று குறித்துக்கொள்வார். உள்ளே இருக்கும் சிறு பேட்டரி செத்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் சில கருவிகள் 2000 ஜனவரி 1இல் போய் நின்றுவிடும்.

முகம் தெளிவாகக் கிடைப்பது அபூர்வம். இரவில் ஹெட்லைட் பட்டால் நம்பர் பிளேட் வெறும் வெள்ளைத் துண்டு. அகச்சிவப்பு விளக்கைத் தேடிவரும் பூச்சிகளுக்காகக் கேமராவின் மூக்கிலேயே சிலந்தி வலை பின்னியிருக்கும். ஆகவே சட்டையின் நிறத்தையோ பைக்கின் ஸ்டிக்கரையோ பிடித்துக்கொண்டு கேமரா கேமராவாகப் போகிறார்கள். தப்பி ஓடிய வழியைவிட, வந்த வழியைத் தேடிப் பின்னால் போவதில் பலன் அதிகம். வரும்போது டீக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றியிருப்பான்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது அங்கே கேமராவே இல்லை. சந்தேக நபரின் உருவம் கிடைத்தது பக்கத்துத் தெருக் கேமராக்களில்தான். பிறகு சென்னை போலீஸ் ‘மூன்றாவது கண்’ என்று வணிகர்களையும் குடியிருப்போரையும் சேர்த்துக்கொண்டு தெருத்தெருவாகக் கேமரா மாட்டியது. எங்கள் தொழிலும் நிமிர்ந்தது, மறைப்பானேன்.

குற்றத்தைத் தடுக்குமா என்று கேட்பார்கள். வண்டி நிறுத்துமிடத்தில் தடுக்கும். குடித்துவிட்டு ஆத்திரத்தில் கத்தியை எடுப்பவன் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சாத்தான்குளம் எனக்கு வேறு விதத்தில் உறுத்துகிறது. 2020இல் தந்தையும் மகனும் போலீஸ் காவலுக்குப் பின் இறந்த வழக்கில், காவல் நிலையப் பதிவுகள் தினமும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக நீதித்துறை நடுவர் அறிக்கை தந்தார். ஹார்டு டிஸ்கில் இடம் இருந்தது. யாரோ மெனுவுக்குள் போய் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால்தான் அப்படி அமையும். இருவரும் தரையில் உருண்டு தகராறு செய்ததாக எஃப்ஐஆர் சொன்னது. அவர்களது கடைப்பகுதிக் கேமராவில் அப்படி எதுவும் தெரியவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் ஓராண்டுக்குக் குறையக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நான்கு கேமராவுக்கு ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க் போட்டால் ஏறக்குறைய இரண்டு வாரம் தாங்கும். 18 மாதத்துக்கு அதைப்போல நாற்பது மடங்கு வேண்டும். காவல் நிலையத்தில் கேமரா திறப்பு விழா என்று செய்தி வரும்போதெல்லாம் பதிவு எத்தனை மாதம் நிற்கும் என்ற எண்ணைத்தான் தேடுகிறேன். கேமராக்களின் எண்ணிக்கையோடு செய்தி முடிந்துவிடுகிறது.